காணொளி அழைப்பில் திரைப் பகிர்வு

திரைப் பகிர்வு என்பது, காணொளி அழைப்பில் இருக்கும் ஒருவர் தம் கணினியிலோ திறன்பேசியிலோ தெரிவதை மறுமுனையில் இருப்பவரும் அதே நேரத்தில் காணச் செய்யும் வசதியாகும். பேச்சுவழக்கில் 'ஸ்கிரீன் ஷேர்' என்றே சொல்லப்படுகிறது. வகுப்பு நடத்தவும், அலுவலகக் கூட்டங்களில் கணக்கைக் காட்டவும், தொலைவில் இருக்கும் உறவினருக்கு ஒரு செயலியைக் கற்றுக்கொடுக்கவும் இது பயன்படுகிறது. வங்கிக் கணக்கைச் சூறையாடும் மோசடிக்காரர்களும் இதையே கருவியாகக் கொள்வதால், இதை இயக்கத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தவும் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

செங்கல்பட்டு மாவட்டத்தில்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் திரைப் பகிர்வின் எல்லாப் பயன்களையும் காணலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிவோருக்கு இது அன்றாட வேலையின் ஒரு பகுதி. கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் தலைமையகம் கொண்ட சோகோ நிறுவனம் இவ்வசதியைத் தானே உருவாக்கி உலகெங்கும் விற்கிறது. கூட்டங்களுக்கான 'சோகோ மீட்டிங்', தொலைவிலிருந்து கணினியைப் பழுதுபார்ப்பதற்கான 'சோகோ அசிஸ்ட்' ஆகிய இரண்டும் அதன் தயாரிப்புகளே.

பழைய மாமல்லபுரம் சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையோடு சேரும் மாமல்லபுரத்தில் பயன்பாடு வேறு விதமானது. இவ்வூர்க் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. வெளிநாட்டிலிருந்து சிலை கேட்கும் ஒருவருக்குச் சிற்பி தம் வரைபடத்தைத் திரையில் காட்டி, கையின் முத்திரை எது, பீடத்தின் உயரம் எவ்வளவு என்று பேசி முடித்த பின்னர் உளியை எடுக்கலாம். கல்லில் வெட்டிய பின் திருத்த முடியாது என்பதால், இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

மாமல்லபுரத்தில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அங்கே ஆட்டக்காரர்கள் பலகைக்கு முன் நேருக்கு நேர் அமர்ந்தனர். வீட்டிலிருந்து ஆடும் இணையவழிப் போட்டிகளில் நிலைமை வேறு. கணினியில் வேறு நிரல் எதுவும் திறந்திருக்கவில்லை என்பதை நடுவர் காண, ஆட்டக்காரர் திரையைப் பகிர வேண்டும் என்ற விதி பல போட்டிகளில் உண்டு. அங்கே திரைப் பகிர்வு நேர்மைக்குச் சாட்சியாகிறது.

தோற்றம்

இக்கருத்து பலர் நினைப்பதைவிடப் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்லஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். அரங்கில் இருந்த அவரும், மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்த அவருடைய உதவியாளரும் ஒரே எழுத்துத் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டனர். உதவியாளரின் முகம் திரையின் ஒரு மூலையில் தெரிந்தது. இன்றைய காணொளிக் கூட்டத்தின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே.

தமிழ்நாட்டில் இவ்வசதி வீடுகளுக்குள் பரவலாக வந்தது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர்தான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், அதற்குக் கீழ் வகுப்புகள் அதே ஆண்டு நவம்பர் 1 அன்றும் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில், இணைய வசதி இருந்த வீடுகளில், ஆசிரியர் பகிர்ந்த திரையே கரும்பலகையாக இருந்தது. வாட்ஸ்அப் செயலியில் இவ்வசதி 2023 ஆகஸ்டில் அறிமுகமானது. தனியாக ஒரு செயலியைத் தேடி நிறுவாமலேயே எவரும் திரையைப் பகிரும் நிலை அதன் பிறகே ஏற்பட்டது.

செயல்படும் விதம்

திரையைப் பகிரும்போது கோப்பு எதுவும் மறுமுனைக்குப் போவதில்லை. திரையின் படம் மட்டுமே போகிறது. கருவி திரையைத் தொடர்ச்சியாகப் படம்பிடித்து, சுருக்கி, இணையத்தின் வழியே அனுப்புகிறது. எனவே பார்ப்பவர் அந்த ஆவணத்தைத் திருத்தவோ அச்சிடவோ முடியாது. ஆனால் அவர் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ள முடியும். திரையை மூடிவிட்டால் காட்டியது மறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

முகத்தைக் காட்டுவதைவிடத் திரையைக் காட்டுவதற்குத் தரவு குறைவாகச் செலவாகும். முகம் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு பாடப்பக்கம் அசையாது. மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. ஜூம் நிறுவனத்தின் அளவீட்டின்படி, முகங்களின்றித் திரையை மட்டும் பகிர நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும். இருவர் தெளிவான காணொளியில் பேச 1.2 மெகாபிட் வரை தேவைப்படும். அலைபேசிக் கோபுரம் தொலைவில் இருக்கும் கடலோரச் சிற்றூர்களில் பாடம் தடைப்பட்டால், ஆசிரியர் தம் ஒளிப்படக்கருவியை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பகிர்வது பயன் தரும்.

எதைப் பகிர்வது என்பதில் பொதுவாக மூன்று தெரிவுகள் உண்டு: முழுத்திரை, ஒரு சாளரம், உலாவியின் ஒரே ஒரு டேப். முழுத்திரையைத் தெரிவு செய்தால் அதில் வந்துபோகும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், பக்கத்தில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கு என எல்லாமே தெரியும். ஒரு சாளரத்தை மட்டும் தெரிவு செய்தால், அதன் மேல் வேறொன்று வந்தாலும் பெரும்பாலும் மறுமுனையில் தெரியாது. காட்ட வேண்டியது ஒரே ஆவணம் என்றால் முழுத்திரையைத் தொடவே வேண்டியதில்லை.

கணினியில்

விண்டோஸ் கணினியில் முறை எளிது. ஜூம் செயலியில் கீழே பச்சை நிறத்தில் இருக்கும் 'ஷேர்' பொத்தானையோ, கூகுள் மீட் பக்கத்தின் அடியில் மேல்நோக்கிய அம்புக்குறி கொண்ட பொத்தானையோ அழுத்தினால், மேற்சொன்ன மூன்று தெரிவுகளும் சிறு படங்களாகத் தோன்றும். ஒன்றைத் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். பகிரப்படும் பகுதியைச் சுற்றி ஜூம் ஒரு வண்ணக் கோட்டை வரைந்து காட்டும். அந்தக் கோட்டுக்குள் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரிகிறது.

கூட்டம் நடக்கும் சாளரம் முன்னால் இருக்கும்போதே முழுத்திரையையும் பகிர்ந்தால், கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்ததுபோல் திரைக்குள் திரை, அதற்குள் இன்னொரு திரை எனச் சுரங்கம் நீளும். கணினி பழுதாகவில்லை. காட்ட வேண்டிய ஆவணத்தை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில் ஒரு படி கூடுதல். 2019இல் வெளியான கேட்டலினா பதிப்பு முதல், திரையைப் படம்பிடிக்க ஒவ்வொரு செயலிக்கும் உரிமையாளர் தனியாக அனுமதி தர வேண்டும். அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' என்ற இடத்தில் அச்செயலியை இயக்கிவிட்டு, செயலியை மூடி மீண்டும் திறக்க வேண்டும். அனுமதி தரப்படாத மேக் கணினியிலிருந்து பகிர்ந்தால் மறுமுனையில் பின்னணிப் படம் மட்டும் தெரியும், ஆவணம் தெரியாது. 'கடல் படம்தான் தெரிகிறது' என்று எதிரில் இருப்பவர் சொன்னால் காரணம் இதுவாகவே இருக்கும்.

லினக்சு கணினிகளில் புதிய பதிப்புகள் சில, எதைப் பகிர்வது என்று இருமுறை கேட்கும்; உலாவி ஒருமுறை, இயக்குதளம் ஒருமுறை. இரண்டிலும் ஒரே சாளரத்தைத் தெரிவு செய்தால் போதும்.

ஆண்ட்ராய்டு திறன்பேசியில்

திறன்பேசியின் உலாவியிலிருந்து திரையைப் பகிர முடியாது. கூகுள் மீட், ஜூம் போன்றவற்றின் செயலிகளை நிறுவியே ஆகவேண்டும். கணினியில் உலாவி வழியாகப் பழகியவர்கள் கைப்பேசியில் அந்தப் பொத்தானைத் தேடித் திகைப்பது இதனால்தான்.

வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் கீழ்ப்பட்டையிலோ, மூன்று புள்ளிகளைத் தொட்டால் விரியும் பட்டியலிலோ 'ஷேர் ஸ்கிரீன்' இருக்கும். மீட் செயலியிலும் மூன்று புள்ளிகளுக்குள் உள்ளது. அதைத் தொட்டதும் ஆண்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும். கடவுச்சொல், பணம் செலுத்தும் விவரம், படங்கள், செய்திகள் உட்படத் திரையில் தெரியும் அனைத்தையும் இந்தச் செயலி காண முடியும் என்பது அதன் பொருள். பெரும்பாலோர் படிக்காமலேயே 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்திவிடுகின்றனர். திறன்பேசி காட்டும் எச்சரிக்கைகளில் இதைப்போல் நேரடியாகப் பேசுபவை குறைவு.

அண்மைப் பதிப்புகளில் முழுத்திரைக்குப் பதிலாக ஒரே செயலியை மட்டும் பகிரும் தெரிவும் உண்டு. ஆண்ட்ராய்டு 15 பதிப்பு முதல், பகிர்வு நடக்கும்போது வந்துசேரும் ஓடிபி எண்களை அறிவிப்பில் மறைத்துக் காட்டும் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய திறன்பேசிகளில் இந்த மறைப்பு இல்லை. வீட்டில் பிள்ளைகள் மாற்றிவிட்ட பழைய கைப்பேசி பெரும்பாலும் முதியவர்களிடமே போய்ச் சேர்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஐபோனில்

ஐபோனிலும் ஐபேடிலும் ஃபேஸ்டைம் அழைப்பின்போது திரையைப் பகிரும் வசதி 2021இல் வெளியான ஐஓஎஸ் 15.1 பதிப்பில் வந்தது. ஜூம் போன்ற பிற செயலிகளில் 'ஷேர்' என்பதைத் தொட்டு, 'ஸ்கிரீன்' எனத் தெரிவு செய்து, அடுத்து வரும் பெட்டியில் 'ஸ்டார்ட் பிராட்காஸ்ட்' என்பதை அழுத்த வேண்டும். மூன்று நொடி எண்ணிக்கைக்குப் பின் பகிர்வு தொடங்கும். பகிர்வு நடக்கும்வரை திரையின் மேற்புறத்தில் அதற்கான நிற அடையாளம் இருக்கும். அதைத் தொட்டே நிறுத்தலாம்.

ஒலியும் எழுத்தின் அளவும்

பாடலோ காணொளியோ காட்டும்போது படம் தெரிகிறது, ஒலி கேட்கவில்லை என்பது அடிக்கடி எழும் புகார். ஒலியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஜூம் செயலியில் பகிரும் பெட்டியின் அடியில் 'ஷேர் சவுண்ட்' என்ற கட்டம் உள்ளது. கணினியில் கூகுள் மீட் பயன்படுத்துவோர் அந்தக் காணொளி ஓடும் டேப்பை மட்டும் பகிர்ந்தால் ஒலியும் சேர்ந்து போகும்.

கணினியின் 15 அங்குலத் திரையில் வசதியாகத் தெரியும் எழுத்து, மாணவர் கையிலுள்ள 6 அங்குலத் திறன்பேசியில் எறும்பளவு ஆகிவிடும். பகிர்வதற்கு முன்பே பக்கத்தை 150 விழுக்காட்டுக்குமேல் பெரிதாக்கிக்கொள்வது நல்லது. பார்ப்பவர்கள் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பிடிக்கவும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் கடைசி வரிசைக்கும் தெரிய எழுதும் ஆசிரியர், இணைய வகுப்பில் கடைசி மாணவரின் கருவியையும் அவ்வாறே கணக்கில் கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் யார் திரையைப் பகிரலாம் என்பதையும் நடத்துபவர் கட்டுப்படுத்தலாம். 2020இல் அழையாத ஆட்கள் ஜூம் வகுப்புகளுக்குள் நுழைந்து தகாத படங்களைப் பகிர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையில், திரைப் பகிர்வை நடத்துபவருக்கு மட்டுமே ஒதுக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. பள்ளிகளுக்கு இது இன்றும் பொருந்தும்.

காட்டுவதும் கையில் கொடுப்பதும்

திரைப் பகிர்வையும் தொலைக் கட்டுப்பாட்டையும் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். முன்னதில் எதிரில் இருப்பவர் பார்க்க மட்டுமே முடியும். பின்னதில் அவர் தொலைவிலிருந்தே சுட்டியை நகர்த்தலாம், தட்டச்சு செய்யலாம், கோப்பைத் திறக்கலாம். வாட்ஸ்அப்பில் நடப்பது முதல் வகை. எனிடெஸ்க், டீம்வியூவர், சோகோ அசிஸ்ட் போன்றவை இரண்டாம் வகைக்கும் உரியவை. ஜூம் கணினிச் செயலியிலும் எதிராளி கட்டுப்பாட்டைக் கேட்கலாம். உரிமையாளர் ஒப்பினால் மட்டுமே அது கிடைக்கும். இவை நேர்மையான பணிக்காக உருவானவை. நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் நாள்தோறும் பயன்படுத்துகின்றன.

குடும்பத்துக்குள் உதவ, காட்டும் வகையே போதுமானது. செய்யூரில் இருக்கும் தாய் தம் கைப்பேசித் திரையைப் பகிர்ந்தால், சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள் 'வலது பக்கம் மேலே மூன்று புள்ளி இருக்கு பாரு, அதைத் தொடும்மா' என்று வழிகாட்டலாம். மகளே இயக்கி முடித்துவிட்டால் வேலை விரைவாக முடியும். ஆனால் தாய் அடுத்த முறையும் மகளுக்காகவே காத்திருக்க வேண்டியிருக்கும். கற்பதற்கு மெதுவான முறையே ஏற்றது. எனினும் வங்கிச் செயலி தொடர்பான உதவியை மட்டும் பெற்ற பிள்ளைகளானாலும் நேரில் வந்தபோது செய்துகொள்வது சிறந்தது. திரையைக் காட்டச் சொல்வது வழக்கமான செயல் என்ற பழக்கம் முதியவரிடம் படிந்துவிட்டால், அயலார் கேட்கும்போதும் அது இயல்பாகவே தோன்றும்.

மோசடிகள்

இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் செயலி வழியாக நடக்கும் பணத் திருட்டு பற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலி குற்றவாளியன்று, அதை யார் சொல்லி நிறுவுகிறோம் என்பதே சிக்கல்.

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட ஒரு முறை மின்கட்டணத்தின் பெயரால் வருவது. 'கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்' என்று குறுஞ்செய்தி வரும். அழைத்தால் எதிர்முனையில் பேசுபவர் பணிவாகவே பேசுவார். பழைய கட்டணம் பதிவாகவில்லை, பத்து ரூபாய் மட்டும் செலுத்தினால் சரியாகிவிடும் என்பார். உதவுவதாகச் சொல்லி ஒரு செயலியை நிறுவச் செய்வார் அல்லது வாட்ஸ்அப் காணொளி அழைப்புக்கு வந்து திரையைப் பகிரச் சொல்வார். பத்து ரூபாய் என்பதால் அச்சம் எழாது. அந்தப் பத்து ரூபாயைச் செலுத்தத் தட்டச்சு செய்யும் விவரங்களே அவருக்குத் தேவை.

கடவுச்சொல் புள்ளிகளாகத்தானே தெரிகிறது என்று கேட்கலாம். பல கைப்பேசிகளில் தட்டச்சு செய்த எழுத்து ஒரு நொடி தெரிந்த பின்னரே புள்ளியாக மாறும். விசைப்பலகையில் தொட்ட எழுத்தும் மேலெழும்பிக் காட்டும். ஓடிபி எண் திரையின் உச்சியில் அறிவிப்பாக வந்து நிற்கும். 'எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரையை ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியவர் அதைச் சொல்லாமலே இருக்கிறார், ஆனால் காட்டிக்கொண்டிருக்கிறார். இந்த இடைவெளியில்தான் பணம் போகிறது.

வங்கிச் செயலிகள் பலவும் தம் பக்கங்களைப் படம்பிடிக்க முடியாதபடி பூட்டியுள்ளன. பகிரும்போது அப்பக்கம் மறுமுனையில் வெறும் கறுப்பாகத் தெரியும். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் முழுப் பாதுகாப்பன்று. குறுஞ்செய்திப் பெட்டியும் உலாவி வழியாகத் திறக்கும் வங்கிப் பக்கமும் அவ்வாறு பூட்டப்படுவதில்லை.

இன்னொரு வகை 'டிஜிட்டல் அரெஸ்ட்' எனப்படுவது. காவல்துறை, சுங்கத்துறை அதிகாரி போல் வேடமிட்டவர் காணொளியில் தோன்றி, வழக்கு இருப்பதாக மிரட்டி, அழைப்பைத் துண்டிக்கவே கூடாது என்று மணிக்கணக்கில் பிடித்துவைப்பார். வங்கி இருப்பைக் காட்டத் திரையைப் பகிரச் சொல்வதும் உண்டு. அத்தகைய கைது முறை எதுவும் சட்டத்தில் இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் தெளிவுபடுத்தினார். அழைப்பைத் துண்டிப்பது குற்றமாகாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அரசுப் பணியில் மேலதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே பழகிய ஓய்வூதியருக்கு, சீருடையைக் கண்டவுடன் அது தோன்றுவதில்லை.

அறிமுகமில்லாத எண்ணுடன் காணொளி அழைப்பில் இருக்கும்போது திரையைப் பகிர முயன்றால் எச்சரிக்கை காட்டும் வசதியை வாட்ஸ்அப் கொண்டுவருவதாக மெட்டா நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது.

பகிர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை

முதலில் அழைப்பைத் துண்டித்து, கைப்பேசியின் இணைய இணைப்பை நிறுத்த வேண்டும். விமானப் பயன்முறையை இயக்குவது எளிய வழி. அதன் பிறகு நிறுவச் சொன்ன செயலியை நீக்க வேண்டும். வங்கியை வேறொரு கைப்பேசியிலிருந்து அழைப்பது நல்லது. அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும்.

பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்; வழியிலேயே அதை நிறுத்திவைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பதால், முதல் ஓரிரு மணிநேரம் மிக முக்கியமானது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் பதிவுசெய்யலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தினர் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தையும், மாமல்லபுரம், செய்யூர் உள்ளிட்ட பிற பகுதியினர் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறையையும் அணுகலாம்.

வங்கிக்குத் தெரிவிக்கும் நேரத்துக்குச் சட்டப்படியான மதிப்பும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 நாளிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரைச் சேரும்; தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே ஏமாந்ததை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக் கழிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கணக்கில் எஞ்சியிருக்கும் பணத்தைப் பாதிக்கக்கூடியது. புகாருடன் அழைப்பு வந்த எண், நேரம், பணம் சென்ற பரிவர்த்தனை எண், திரையின் படங்கள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஆகவே அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்தியையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது.